வெட்டுமிடத்துக்குத்தான் விலை: தோட்டப் பட்டணத்து மிக்ஸுகளில் ஃபேப்ஃபில்டர் சாட்டர்ன் 2

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முடிகிற ஒரு தமிழ்ப் பாட்டு எங்கெங்கே ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வாட்ஸ்அப்பில் கூட்டாளிகளின் கைப்பேசிக்குப் போகும். அடுத்து மைவி காரின் கதவு ஸ்பீக்கர். ஊருக்குப் பிடித்துவிட்டால் கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், இல்லையென்றால் கல்யாண மண்டபத்து டிஜே பெட்டி. இதில் மண்டபத்தைத் தவிர வேறெங்கும் 50 ஹெர்ட்ஸ் பேஸ் முழுசாக வராது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது நெஞ்சைத் தட்டிய பேஸ், கைப்பேசியில் காணாமல் போய் வெறும் தாளத்தட்டும் குரலும் மட்டும் மிஞ்சுவது அதனால்தான்.

ஃபேடரைத் (ஒலி அளவுத் தள்ளியை) தூக்கிப் பயனில்லை. ஸ்பீக்கரால் எழுப்ப முடியாத ஒலியை எவ்வளவு ஏற்றினாலும் அது வராது; உச்ச அளவைத் தடுக்கும் லிமிட்டர் மட்டும் மூச்சுத் திணறும். அந்த பேஸின் மேல்மடங்குகளை, அதாவது ஹார்மோனிக்குகளை உண்டாக்கிக் கொடுத்தால் காது அடிச்சுருதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஹார்மோனிக்குகளை உண்டாக்கும் வேலைக்குப் பெயர்தான் டிஸ்டார்ஷன். அதை அலைவரிசை அலைவரிசையாகப் பிரித்துச் செய்வது மல்டிபேண்ட் டிஸ்டார்ஷன். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபேப்ஃபில்டர் 2020இல் வெளியிட்ட சாட்டர்ன் 2 இந்த வகையில் அதிகம் பேசப்படும் பிளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் மாட்டும் துணைக்கருவி. நம்மூர் வேலைக்கு, அதாவது 808 பேஸ் (டிரம் மெஷினிலிருந்து வந்த நீண்ட தாழ்ந்த அடி), உறுமி, தப்பு, தமிழ் ராப் குரல் ஆகியவற்றுக்கு அது எவ்வளவு தேறும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கருவியின் உடற்கூறு இது. ஒலியை அதிகபட்சம் ஆறு பேண்டுகளாக வெட்டலாம். ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனியாக ஒரு டிஸ்டார்ஷன் பாணி: டியூப், டேப், டிரான்ஸ்ஃபார்மர், கிட்டார் ஆம்ப், ஒலியை நொறுக்கித் தள்ளும் சில வினோதங்கள் என மொத்தம் 28. டிரைவ் (எவ்வளவு கிழிக்க வேண்டும்), மிக்ஸ் (கிழிந்த ஒலியும் சுத்த ஒலியும் கலக்கும் விகிதம்), ஃபீட்பேக், டைனமிக்ஸ், நான்கு டோன் திருகுகள், அளவு எல்லாமே பேண்டுக்கு பேண்டு உண்டு. வெட்டின் சரிவை ஆக்டேவுக்கு 6 டெசிபலிலிருந்து 48 வரை மாற்றலாம். வெட்டுமிடத்தில் அலைகள் நேரம் பிசகாமல் காக்கும் லீனியர் ஃபேஸ் முறை இருக்கிறது. உள்ளே கூடுதல் மாதிரி வேகத்தில் கணக்கிடும் ஓவர்சாம்பிளிங் 8 மடங்கு, 32 மடங்கு என இரண்டு படி. எந்தத் திருகையும் எல்எஃப்ஓ என்கிற மெதுவான ஆட்ட அலையோ ஒலியின் ஏற்ற இறக்கமோ தானாகத் திருப்பும்படி இழுத்து இணைத்துவிடலாம். படிக்க மலைப்பாக இருந்தாலும் நாள்தோறும் தேவைப்படுவது இதில் கால்வாசிதான்.

ஏன் பிரிக்க வேண்டும்

முழு மிக்ஸையும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் தள்ளினால் ஹார்மோனிக் மட்டும் பிறக்காது. 50 ஹெர்ட்ஸ் பேஸும் 1000 ஹெர்ட்ஸ் குரலும் சேர்ந்து உள்ளே போனால் 950, 1050, 900, 1100 என்று கூட்டலும் கழித்தலுமாகப் புது ஒலிகள் பிறக்கும். இவை எந்த ராகத்திலும் சேராதவை. பேஸ் அடிக்கும்போதெல்லாம் குரல் கொரகொரவென்று நடுங்குவது இதனால்தான். "மிக்ஸ் சேறா இருக்கு" என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கணக்கு. பேஸையும் குரலையும் வெவ்வேறு பேண்டில் போட்டுவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தொடாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே பேண்டுக்குள் இரண்டு சுருதி இருந்தால் அதே சேறு அங்கேயும் உருவாகும். கீபோர்ட் கார்ட், ஹார்மோனியம், பின்பாட்டுக் கூட்டுக்குரல் இவற்றுக்கு மல்டிபேண்ட் காப்பு கிடையாது. அவற்றில் டிரைவைக் கிள்ளித்தான் போட வேண்டும்.

சாட்டர்னில் 28 பாணிகளைக் காட்டி ஆசை மூட்டுகிறார்கள். டியூப் சத்தமோ டேப் சத்தமோ இலவசமாகவே நிறையக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது இந்த வெட்டு. எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறோம், வெட்டிய துண்டுகள் மறுபடி எவ்வளவு சுத்தமாக ஒட்டுகின்றன என்பது. நல்ல மிக்ஸும் கெட்ட மிக்ஸும் இங்கேதான் பிரிகின்றன. பாணியை மாற்றி மாற்றிக் கேட்டு ஒரு மணி நேரத்தைக் கரைப்பவர்கள் பெரும்பாலும் வெட்டை இயல்புநிலையிலேயே விட்டிருப்பார்கள்.

808 பேஸ்: பலரும் தடுக்கி விழும் இடம்

இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்று உண்டு: "120 ஹெர்ட்ஸில் வெட்டு, கீழ்ப் பேண்டைத் தொடாதே, மேல் பேண்டை மட்டும் டிஸ்டார்ட் செய்." விரல்களால் மீட்டிப் பதிவு செய்த பேஸ் கிட்டாருக்கு இது சரி. கம்பியின் உரசல், நரநரப்பு எல்லாம் 700 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்கெனவே இருப்பதால் மேல் பேண்டுக்கு மெல்ல ஏதாவது இருக்கும். 808 அப்படியில்லை. தொடக்கத் தட்டு போனபின் அது கிட்டத்தட்ட வெறும் சைன் அலை. அதன் உயிர் முழுக்க 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் அடங்கியிருக்கும். 120க்கு மேல் ஒன்றுமே இல்லாத பேண்டில் டிரைவைக் கடைசி வரை திருப்பினாலும் மாற்றம் கேட்காது. அப்புறம் "இந்தப் பிளக்இன் வேலை செய்யவில்லை" என்று புலம்பல்.

808க்குக் கீழ்ப் பேண்டைத்தான் டிஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒலி முதலில் வெட்டப்பட்டுப் பிறகுதான் டிஸ்டார்ஷனுக்குள் போகிறது. ஆகவே கீழ்ப் பேண்டில் பிறக்கும் ஹார்மோனிக்குகள் வெட்டுக்கோட்டைத் தாண்டி மேலே பரவும்; அவற்றை யாரும் தடுப்பதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

செய்முறை: பேண்டு இரண்டு போதும். வெட்டு 150 ஹெர்ட்ஸ், சரிவு 24 டெசிபல். வெட்டை இதைவிடக் கீழே கொண்டுவரக் கூடாது, ஏனென்றால் பேஸ் வரி 41 ஹெர்ட்ஸ் ஈயிலிருந்து 98 ஹெர்ட்ஸ் ஜி வரை ஏறி இறங்கும்போது, சில சுரங்கள் ஒரு பேண்டிலும் சில மறு பேண்டிலும் விழுந்து, ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு நிறத்தில் கேட்கும். பாட்டின் உச்ச பேஸ் சுரத்துக்கு ஒன்றரை மடங்கு மேலே வெட்டை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழ்ப் பேண்டின் மிக்ஸை 25 சதவீதத்தில் வைத்து டிரைவைக் கேட்கும்வரை ஏற்றுங்கள். மேல் பேண்டைச் சுத்தமாக விட்டுவிடுங்கள். அதில் 808இன் தொடக்கத் தட்டு இருக்கிறது. கடைசியில் கீழ்ப் பேண்டின் அளவை 1 அல்லது 2 டெசிபல் குறையுங்கள், ஏனெனில் டிஸ்டார்ட் ஆன ஒலிக்குள்ளும் அடிச்சுருதி இருப்பதால் அது சுத்த ஒலியோடு சேர்ந்து பருத்திருக்கும்.

பாணி விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மென்மையான டியூப் பாணிகள் இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக்கைத்தான் அதிகம் தரும். 50 ஹெர்ட்ஸுக்கு அவை 100, 150. மைவி கதவு ஸ்பீக்கருக்கு அது தாராளம். கைப்பேசி ஸ்பீக்கரோ பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும். அங்கே பேஸ் கேட்க வேண்டுமென்றால் ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஹார்மோனிக் வேண்டும்: 300, 350, 400. அவற்றை மென்மையான பாணி தராது. கூர்மையாகக் கிழிக்கும் ஆம்ப் வகை ஒன்றை எடுத்து, மிக்ஸை 10, 15 சதவீதத்துக்கு இறக்கிப் போட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மென்மையானதை எடுத்து 100 சதவீதம் ஊற்றுகிறார்கள். பேஸ் வீங்குகிறது, கைப்பேசியில் இன்னும் ஊமைதான்.

எந்தப் பாணி என்ன ஹார்மோனிக் தருகிறது என்று ஊகிக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றைப் பிளக்இன்னுக்குள் அனுப்பி, பின்னால் அலைவரிசைகளை வரைந்து காட்டும் இலவச வோக்ஸெங்கோ ஸ்பேன் போட்டு, அதன் பிளாக் அளவை 8192 அல்லது அதற்கு மேல் வைத்துப் பாருங்கள். தென்னை வரிசை போல ஹார்மோனிக்குகள் நிற்பது தெரியும். ஒற்றைப்படை மட்டும் நின்றால் சமச்சீராக வெட்டும் பாணி. இரண்டும் கலந்து நின்றால் சமச்சீரற்றது. பத்து நிமிட வேலை. 28 பாணிகளையும் ஒரே மாலையில் கண்ணால் அறிந்துகொள்ளலாம்.

பேஸில் இன்னும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, ஒரு 808 சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் படர்வது. 45உம் 60உம் சேர்ந்து உள்ளே போனால் 15 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஒன்று கிளம்பி ஒலியே தள்ளாடும். எஃப்எல் ஸ்டுடியோவில் அந்தச் சாம்பிளுக்குக் கட் இட்செல்ஃப் (புதுச் சுரம் வந்ததும் பழையதை நிறுத்தும் அமைப்பு) போடுங்கள். வேறு மென்பொருளென்றால் சாம்பிளரை மோனோவாக்குங்கள். இரண்டாவது, பிளக்இன்னுக்குப் பின்னால் ஈக்யூ வைக்காமல் விடுவது. கீழே உள்ளதை நீக்க 25, 30 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ். மேலே உள்ளதை நீக்க 2500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு லோபாஸ். இல்லாவிட்டால் பேஸின் சிலுசிலுப்பு குரலின் எழுத்துகளோடு மல்லுக்கு நிற்கும்.

உறுமி

சாட்டர்ன் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இது. உறுமியின் ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், வயலின் வில் கம்பியைப் பற்றி விடுவதைப் போலவே தோலைப் பற்றிப் பற்றி விடுவதால் வருவது. அடித்தளம் கீழே இருந்தாலும், அது உறுமி என்று காதுக்குச் சொல்லும் கரகரப்பு 300 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை பரந்திருக்கிறது. கைப்பேசியிலும் குழாய் ஸ்பீக்கரிலும் தப்பிப் பிழைப்பதும் இந்தப் பகுதிதான்.

மூன்று பேண்டு. வெட்டுகள் 250இலும் 1800இலும். கீழ்ப் பேண்டில் ஒன்றும் செய்யாதீர்கள். முனகலின் ஏற்ற இறக்கம் அங்கே இருக்கிறது, அதை அமுக்கினால் உறுமி சாம்பிள் போல ஆகிவிடும். நடுப் பேண்டில் வார்ம் டியூப் அல்லது டேப் வகை, மிக்ஸ் 40 வரை தாங்கும். மேல் பேண்டு சுத்தம். ஏனென்றால் நம்மூர்ப் பதிவுகளில் உறுமிக்கு முன்னால் வைத்த மைக்கில் பக்கத்துத் தப்பும் தவிலும் தாராளமாகக் கசிந்திருக்கும். மேல் பேண்டை டிஸ்டார்ட் செய்தால் உறுமிக்குப் பதிலாகத் தப்புக் குச்சியின் சத்தம்தான் தகரத்தில் ஆணி கீறுவது போல முன்னால் வரும்.

டிஸ்டார்ஷன் என்பது ஒருவகையில் கம்ப்ரஸர்தான். பெரியதை அமுக்கிச் சிறியதைத் தூக்கும். அதனால் பதிவில் ஒளிந்திருந்த மின்விசிறி, தகரக் கூரையில் விழுந்த மழை, தெருவில் போன செம்பனைக் குலை லாரி எல்லாம் மேலே வந்துவிடும். சாட்டர்னில் ஒவ்வொரு பேண்டுக்கும் டைனமிக்ஸ் என்று ஒற்றைத் திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் கம்ப்ரஸர், இடப்பக்கம் திருப்பினால் மெல்லிய ஒலியை அடைக்கும் கேட். நடுப் பேண்டில் மட்டும் அதைச் சற்று இடப்பக்கம் திருப்பினால், உறுமி ஓயும் இடைவெளியில் அறை இரைச்சல் அடங்கிவிடும். தனியாக மூன்று கேட் போட்டு இதையே செய்ய அரை மணி நேரமாகும். அந்த ஒரு திருகைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு நல்ல வசதி, ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும் என்வலப் ஃபாலோயர். நடுப் பேண்டின் டிரைவோடு அதை இணைத்துவிட்டால், தேய்ப்பு பலமாகும்போது கரகரப்பு தானே ஏறும், தளரும்போது இறங்கும். வாசிப்பவரின் கை அழுத்தம் ஒலியில் தெரியும். இணைப்பின் அளவைக் கால்வாசிக்கு மேல் விடாதீர்கள். விட்டால் பொம்மைச் சத்தமாகிவிடும்.

லீனியர் ஃபேஸ் முறையை உறுமி, தப்பு, தவில் எதற்கும் போடக் கூடாது. செங்குத்தான வெட்டும் தாழ்ந்த அலைவரிசையும் சேரும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மெல்லிய முன்னதிர்வு வரும். அடி விழுமுன்னே அடியின் நிழல் கேட்கும். தாளத்தின் கூர் மழுங்கிப்போகும். சாதாரண முறையே தாளக்கருவிகளுக்கு ஏற்றது.

குரலும் தமிழும்

ஆங்கிலப் பாடங்களில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை டிஸ்டார்ஷன் போட்டால் குரல் முன்னால் வரும் என்று சொல்வார்கள். வரும்தான். ஆனால் தமிழுக்கு அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரிதும் மூன்றாவது ஃபார்மண்ட் எனப்படும் அதிர்வுத் திரட்சியை வைத்து. நாக்கு மடிந்து ழகரம் வரும்போது அது 2000 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கிவிடும். லகரத்தில் அதைவிட மேலே நிற்கும். அந்த வட்டாரத்தைப் புது ஹார்மோனிக்குகளால் நிரப்பினால் இந்த வேறுபாடு மங்கும். வேகமாகப் பாடும் ராப்பில் எழுத்தே மாறிக் கேட்கும். பாடகர் மேல் பழி விழும், குற்றவாளி பிளக்இன்.

சோதிக்க எளிய வழி: "வாழை, வாளை, வாலை" என்று பாடகரைச் சொல்ல வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். பிளக்இன்னை அணைத்தும் போட்டும், பாட்டை அறியாத ஒருவரிடம் கேட்க விடுங்கள். மூன்றையும் அவர் பிரித்துச் சொல்லும் வரை டிரைவைக் குறையுங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் வெட்டுகள் 250, 1200, 5000. நான்கு பேண்டில் 250 முதல் 1200 வரையிலானதில் மட்டும் டியூப் வகை, மிக்ஸ் 30. குரலின் உடல் அங்கே தடிக்கும். 1200 முதல் 5000 வரை தொடவே வேண்டாம். அதற்கு மேலே காற்றோட்டம் வேண்டுமானால் சப்டில் சாச்சுரேஷன், மிக்ஸ் 15. ஆனால் அதற்கு முன்னால் 'ஸ' சீறலை அடக்கும் டீஎஸ்ஸர் ஒன்று கட்டாயம். பின்னால் வைத்தால் பயன் குறைவு. 'ஸ' டிஸ்டார்ஷனுக்குள் போய்ப் பரவிய பிறகு அதைப் பிடிப்பது, கோழி கூட்டைவிட்டு ஓடியபின் கதவைச் சாத்துகிற கதை.

கோயில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டென்றால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. அங்கே ஆம்பிளிஃபையர் பெரும்பாலும் எல்லைமீறித்தான் ஓடும். குழாய் தானே 2, 3 கிலோஹெர்ட்ஸை உந்தித் தள்ளும். அதன்மேல் நாமும் அதே இடத்தில் கிழித்துக் கொடுத்தால் வரிகள் ஒன்றும் புரியாது. அந்த ஒலி மோனோ என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவையும் பக்கவாட்டையும் பிரிக்கும் மிட் சைட் முறையில் பக்கவாட்டை மட்டும் டிஸ்டார்ட் செய்து சேர்த்த அகலமெல்லாம் அங்கே சூன்யம்.

சிக்கும் இடங்கள்

முதல் சிக்கல் ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம். சாதாரண முறையில் வெட்டி ஒட்டிய ஒலி அளவில் சமமாக இருந்தாலும், வெட்டுக்கோட்டைச் சுற்றி அதன் ஃபேஸ் சுழன்றிருக்கும். தனியாகக் கேட்டால் தெரியாது. ஆனால் ஒலியின் நகலை அனுப்பும் ஆக்ஸ் தடத்தில் சாட்டர்னைப் போட்டு, அதை அசல் ட்ராக்கோடு கலந்தால் வெட்டுமிடங்களில் பள்ளம் விழும். 250இல் வெட்டியிருந்தால் குரலின் நெஞ்சொலி போய்விடும். இதற்கு மருந்து இரண்டு: பிளக்இன்னை ட்ராக்கிலேயே போட்டு உள்ளிருக்கும் மிக்ஸ் திருகால் கலப்பது, அல்லது ஆக்ஸில்தான் வேண்டும் என்றால் லீனியர் ஃபேஸ். குரலுக்கும், நீண்டு ஒலிக்கும் சிந்த் பேடுக்கும் லீனியர் ஃபேஸ் தாங்கும். பதிவு நடக்கும்போது மட்டும் வேண்டாம், தாமதம் கூடிப் பாடகர் தடுமாறுவார்.

இரண்டாவது அலையாசிங், அதாவது எல்லை மீறிய ஒலி மடங்கிக் கீழே விழுவது. 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 22.05க்கு மேல் எந்த ஒலிக்கும் இடமில்லை. ஒரு சிங்கி ஒலியில் 9 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் அதன் மூன்றாவது ஹார்மோனிக் 27. அது மடங்கி 17.1இல் விழும். ஐந்தாவது 45, மடங்கி 900 ஹெர்ட்ஸில், குரலின் நடுவில், சுருதி சேராமல் விழும். ஹைஹேட், ஜால்ரா, குரலின் மேல் பேண்டு இவற்றில் டிரைவ் போட்டால் ஓவர்சாம்பிளிங்கைக் கூட்டும் எச்க்யூ பொத்தானை 8 மடங்குக்கு வைப்பது அவசியம். பேஸ் பேண்டுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. 32 மடங்கு ஓவர்சாம்பிளிங்கைக் கடைசி ஏற்றுமதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் நாலைந்து ட்ராக்கில் ஆறு பேண்டும் 32 மடங்குமாகப் போட்டால் ப்ராஜெக்ட் இருமத் தொடங்கும். பேஸ் பிடித்துப்போனதும் அந்த ட்ராக்கை ஆடியோவாக மாற்றிவிடுங்கள். சுத்தப் பிரதி ஒன்றையும் ஊமையாக்கிப் பக்கத்தில் வைத்திருங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, அளவு ஏமாற்று. சத்தம் கூடினால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். பாணியை மாற்றினாலும் டிரைவைத் திருப்பினாலும் அளவு மாறும். பிளக்இன்னைப் போட்டும் அணைத்தும் கேட்கும்போது இரண்டும் அரை டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும். லவுட்னஸ் மீட்டரை வைத்து எல்யுஎஃப்எஸ் அளவில் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) சரிபாருங்கள். சமப்படுத்திய பிறகு "அட, முன்னாடி இருந்ததே தேவலாம்" என்று தோன்றினால் பிளக்இன்னைக் கழற்றிவிடுங்கள். பாதி ட்ராக்குகளில் அப்படித்தான் தோன்றும்.

உள்ளே போகும் அளவும் இதே போலத்தான். டிஸ்டார்ஷன் அளவைச் சார்ந்து மாறும் வித்தை. ட்ராக்கின் சராசரியை மைனஸ் 18 டெசிபல் பக்கம் வைத்து டிரைவைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் கிளிப்பின் கெயினை 6 டெசிபல் ஏற்றினால் நிறமே வேறு. கெயின் வேலையை முன்னால் முடித்துப் பூட்டிவிட்டுத்தான் சாட்டர்னைத் திறக்க வேண்டும். குரல் ஏற்ற இறக்கம் அதிகமென்றால் முன்னால் ஒரு கம்ப்ரஸர் 3, 4 டெசிபல் அமுக்கட்டும்.

மாஸ்டரில், அதாவது முழுப் பாட்டும் போகும் கடைசித் தடத்தில் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், மூன்று பேண்டு, சப்டில் டேப், மிக்ஸ் 15, அவ்வளவு. அதற்கு மேல் தேவைப்பட்டால் குறை மிக்ஸில் இருக்கிறது.

காசு

விலை 129 யூரோ வட்டாரம். நாணய மாற்றைப் பொறுத்து அறுநூறு வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி வரும். தோட்டப் பட்டணத்தில் ஒரு பாட்டு மிக்ஸ் செய்து வாங்கும் காசோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகையில்லை. கணினியில் செருகும் டாங்கிள் எதுவும் வேண்டாம், உரிமத் திறவுகோல் போதும் என்பது ஆறுதல். திருட்டுப் பதிப்பைப் பற்றி ஒரே வரி: மூன்று மாதம் கழித்துப் பாடகர் வரியை மாற்றக் கேட்கும்போது ப்ராஜெக்ட் திறக்காமல் போவது பெரும்பாலும் அதனால்தான்.

வாங்குமுன் கையிலிருப்பதைப் பாருங்கள். எஃப்எல் ஸ்டுடியோ புரொட்யூசர் பதிப்பு உள்ளவர்களிடம் மேக்ஸிமஸ் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று பேண்டும் பேண்டுக்கு பேண்டு சாச்சுரேஷனும் அதில் உண்டு. நிறங்கள் குறைவு, ஆனால் 808 வேலையில் முக்கால்வாசியை அது செய்யும். ஏபிள்டன் லைவ் 12 சூட் வைத்திருப்பவர்களுக்கு ரோர் என்ற டிஸ்டார்ஷன் வருகிறது, மூன்று பேண்டு முறையோடு. அதை வைத்துக்கொண்டு சாட்டர்ன் வாங்குவது வீண்செலவுக்குப் பக்கம். ரீப்பர் மென்பொருளில் இன்னும் மலிவு: ட்ராக்கின் சேனல் எண்ணிக்கையை 6 ஆக்கி, உடன் வரும் ஜேஎஸ் வகை 3 பேண்ட் ஸ்பிளிட்டரைப் போட்டு, பின் இணைப்பியில் 1-2, 3-4, 5-6 என்று தனித்தனி இலவச டிஸ்டார்ஷன் மாட்டி, கடைசியில் ஜாய்னரைப் போட்டால் ஏழை வீட்டு மல்டிபேண்ட் தயார். மூன்று டிஸ்டார்ஷனும் ஒரே அளவு தாமதம் தர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று ஓவர்சாம்பிள் செய்து மற்றது செய்யாவிட்டால் துண்டுகள் ஒட்டாமல் சீப்புப் போலப் பள்ளம் விழலாம். சரிபார்க்க, டிஸ்டார்ஷன்களை முடக்காமல் டிரைவை மட்டும் பூச்சியமாக்கிப் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) அனுப்பி ஸ்பேனில் பாருங்கள்; கோடு முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

சாட்டர்ன் இந்த ஒட்டுவேலைகளிலிருந்து விடுதலை தருகிறது. கண்ணுக்குத் தெரியும் வெட்டுக்கோடு, பேண்டைத் தனியே கேட்கும் வசதி, அந்த டைனமிக்ஸ் திருகு, என்வலப் இணைப்பு: உறுமி மேளக் குழுக்களையும் நேரடித் தாளக்கருவிகளையும் அடிக்கடிப் பதிவு செய்பவருக்கு இவை நேரத்தை மிச்சப்படுத்தும். மாதம் நான்கைந்து பாட்டு முடிப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு பாட்டு, அதுவும் ரெடிமேட் பீட்டின் மேல் குரல் மட்டும் என்றால் வேண்டாம். அந்த அறுநூறு வெள்ளி பின்னறைச் சுவருக்கு எதிரொலியை உறிஞ்சும் ராக்வூல் பலகையாகப் போகட்டும்.

30 நாள் சோதனைப் பதிப்பில் எல்லாமே திறந்திருக்கும். ஏற்கெனவே வெளியிட்ட ஒரு பாட்டை எடுத்து அதன் பேஸில் மட்டும் முதல் வாரம் போட்டுப் பாருங்கள். ஏற்றுமதி செய்த கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள், ஆடியோவாக அனுப்பினால் மறு அமுக்கம் எது, உங்கள் டிஸ்டார்ஷன் எது என்று பிரிக்க முடியாது. ஒரு கைப்பேசி, ஒரு கார், முடிந்தால் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒலி சரிபார்க்கும் நேரத்தில் குழாய் ஸ்பீக்கர். அந்த நேரத்துக்குக் கோயில் ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் அவர் யாருக்கும் இடம் கொடுக்க மாட்டார்.